மூளையின் திசைகாட்டியைப் படிக்க ஆசைப்படும் மகளுக்குக் கணிதம் வேண்டும்

எலிக்கும் எறும்புக்கும் வழி எப்படித் தெரிகிறது என்று படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலை. ஆனால் அதைவிட அவசரமான ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது: மகள் கணிதத்தை விட்டுவிட்டு உயிரியலை மட்டும் எடுக்கப் போகிறாள். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

1984-இல் நரம்பியல் ஆய்வாளர் ஜேம்ஸ் ராங்க் எலி மூளையில் தலைத்திசை நியூரான்களை, அதாவது தலை நோக்கும் திசையைக் காட்டும் நரம்பணுக்களை, கண்டறிந்தார். ஒவ்வொன்றுக்கும் உரிய திசை ஒன்று உண்டு. எலியின் தலை அப்பக்கம் திரும்பினால் அந்த நியூரான் விறுவிறுவென்று மின்துடிப்பு விடும், விலகினால் அடங்கிவிடும். உள்காதின் அரைவட்டக் குழல்கள் தலை திரும்பும் வேகத்தைச் சொல்ல, மூளை அதைக் கூட்டிக்கொண்டே போய்த் தலை இப்போது எத்திசையில் இருக்கிறது என்று கணிக்கிறது. இருட்டில் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து திசை நழுவும். பழகிய அடையாளம் கண்ணில் பட்டதும் நேராகும். இந்தக் கூட்டலையும் திருத்தத்தையும் விளக்க நுண்கணிதமும் (calculus) அணிக் கணிதமும் (matrix) வேண்டும்.

அவளுக்கு உண்மையிலேயே ஆர்வமா என்று பார்க்க விடுமுறை ஒன்று போதும். பைத்தான் நிரல்மொழியின் அடிப்படையைக் கற்றுக்கொண்டு, எலியின் தலைத்திசையையும் நியூரான் துடிப்பையும் பதிந்து ஆய்வகங்கள் இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கும் தரவு ஒன்றை எடுக்கட்டும். 360 பாகையை 6 பாகை வீதம் 60 கூறாக்கி, ஒவ்வொரு கூறிலும் நியூரான் எத்தனை முறை துடித்தது என்று எண்ண வேண்டும். அதை எலி அத்திசையைப் பார்த்திருந்த நேரத்தால் வகுக்க வேண்டும். வகுக்க மறந்தால் எலி அதிக நேரம் பார்த்த திசையே நியூரானின் திசைபோலத் தோன்றும். சராசரியிலும் ஒரு பள்ளம் உண்டு: 350 பாகைக்கும் 10 பாகைக்கும் வழக்கம்போலச் சராசரி எடுத்தால் 180, அதாவது நேர் எதிர்த்திசை வரும். சைன், கொசைன் வழியாகப் போனால்தான் 0 கிடைக்கும். இங்கே எங்கே தப்பு என்று அவளே துருவிப் பார்த்தால், துறை அவளுக்கு ஒத்துவரும்.

பட்டம் இயற்பியல், உயிரியல், உளவியல், மின்னணுப் பொறியியல் எதுவானாலும் சரி. மூளை இருப்பிடத்தை அறியும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 2014-இல் நோபல் பெற்ற ஜான் ஓகீஃப், மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் மூவருமே உளவியல் படித்தவர்கள்.

முனைவர் பட்டத்துக்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு ஆண்டு ஆகும். முடித்தவர்கள் எல்லோருக்கும் பேராசிரியர் பணி அமைவதில்லை. இதை மறைக்காமல் பேசுங்கள். ஆனால் தன் இருப்பிடத்தைக் கணிக்கும் ரோபோவும் இதே கூட்டல்-திருத்தலைத்தான் செய்கிறது. அங்கும் தரவுப் பகுப்பாய்விலும் இந்தப் பயிற்சி செல்லும்.

இன்னொன்றையும் இப்போதே கேளுங்கள்: துடிப்பைப் பதிவதற்காக உயிருள்ள எலியின் மூளையில் மின்முனை பொருத்த அவளால் முடியுமா? மனம் ஒப்பவில்லை என்றால், மூளையின் செயலைக் கணினியில் மாதிரியாக அமைக்கும் ஆய்வகங்களைத் தேடட்டும்.