முழங்கையை உருவலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. இரண்டு மாதத்துக்கு முன் மாமரத்திலிருந்து விழுந்து, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்துவிட்டது. புத்தூர் பக்கம்தானே என்று அன்றே கூட்டிப்போய்க் கட்டுப் போட்டோம். கட்டுப் பிரித்தும் கை முழுதாக நீளவில்லை. எண்ணெய் போட்டு உருவினால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். உருவலாமா? புத்தூர் கட்டுப் போட்டது தப்பா?
- ஒரு தாய், நகரி

பதில்: உருவவே வேண்டாம். மாமியாரிடம் என் பேரைச் சொல்லியே தடுத்துவிடுங்கள். அடிபட்ட முழங்கையை அழுத்தித் தேய்த்தால் சுற்றியுள்ள தசைக்குள் எலும்பு வளர்ந்துவிடலாம். அப்புறம் இப்போது நீளும் அளவுகூட நீளாது. பிடித்து இழுக்கவும் கூடாது. பையன் தானாக மடக்கி நீட்டி விளையாடட்டும். சிறு பிள்ளைகளுக்கு இந்த இறுக்கம் பெரும்பாலும் சில மாதங்களில் தானே தளர்ந்துவிடும்.

ஆனால் ஒன்றை இன்றே பாருங்கள். மணிக்கட்டை மேலே தூக்கினால் விரல்கள் சுருண்டுகொண்டு நிமிர மறுக்கின்றனவா? கீழே மடக்கினால் மட்டும் நிமிர்கின்றனவா? அப்படியானால் ரத்தம் போகாமல் முன்கைத் தசை சுருங்கியிருக்கலாம். உடனே டாக்டரிடம் போங்கள். இறுகிய கட்டினால் இப்படி ஆவதை ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மன் 1881-லேயே எழுதியிருக்கிறார். ஆஸ்பத்திரி மாவுக்கட்டிலும் இது நேரும். ஆறு மணி நேரம் போல ரத்தம் நின்றாலே தசை செத்துப்போகத் தொடங்கும். அதனால், எங்கே போட்ட கட்டானாலும், வலி ஏறிக்கொண்டே போனால், விரலை நிமிர்த்தும்போது பிள்ளை அலறினால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

புத்தூர் கட்டை ஒரேயடியாகத் தப்பென்று சொல்ல மாட்டேன். பத்து வயதில் என் மணிக்கட்டுக்கும் அங்கேதான் கட்டுப் போட்டார்கள். இதை எழுதுவது அந்தக் கைதான். ஆனால் எலும்பை ஒட்டியது பச்சிலையோ முட்டை வெள்ளைக்கருவோ இல்லை. எலும்பு தானே ஒட்டிக்கொள்ளும், அதுவும் சின்ன வயதில் சீக்கிரமே. மூங்கில் பத்தை அதை அசையாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். விலகாத முறிவுக்கு அது போதும். முழங்கை அப்படியில்லை. முறியும் இடத்தை ஒட்டியே கைக்குப் போகும் ரத்தக்குழாயும் நரம்புகளும் ஓடுகின்றன. எலும்பு விலகியிருந்தால் நேராக்கிக் கம்பி போட வேண்டியிருக்கும். விலகியதா இல்லையா என்று எக்ஸ்ரே எடுக்காமல் விரலால் தடவிச் சொல்ல யாராலும் முடியாது.

விரல்கள் நன்றாக இருந்தாலும் இந்த வாரமே ஒரு எக்ஸ்ரே எடுத்து எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். உங்களுக்குத் திருப்பதி எட்டும் தூரம்தான். தேவஸ்தானத்தின் பர்ட் மருத்துவமனை எலும்பு சிகிச்சைக்கென்றே இருக்கிறது. விழுந்த அன்று எடுத்த படம் இருந்தால் மறக்காமல் எடுத்துப்போங்கள்.