பாரசீகத்தில் 'உண்ணும்' வினைகள்

கேள்வி: பாரசீகத்தை நானாகவே படித்துவருகிறேன். 'ஸமீன்' என்றால் நிலம், 'கொர்தன்' என்றால் உண்ணுதல் என்று அகராதி சொல்கிறது. ஆனால் 'ஸமீன் கொர்தம்' என்பதற்கு 'விழுந்தேன்' என்று பொருள் தரப்பட்டிருக்கிறது. இத்தகைய வினைகளை எப்படி விளங்கிக்கொள்வது? சொற்களைத் தமிழ் ஒழுங்கிலேயே அடுக்கி எழுதலாமா?
— வாசகர் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: பாரசீகத்தில் தனிவினைகள் குறைவு. ஒரு பெயர்ச்சொல்லுடன் செய்தல், கொடுத்தல், அடித்தல், உண்ணுதல் போன்ற எளிய வினையொன்றைச் சேர்த்தே பெரும்பாலான செயல்களைச் சொல்வார்கள். பொருளைப் பெயர்ச்சொல் சுமக்க, காலத்தையும் எழுவாயையும் வினை காட்டுகிறது. 'கார் கர்தன்' என்பது நமது 'வேலை செய்தல்' தான். வன்னியில் நாம் 'கோல் எடுக்கிறோம்'. அவர்கள் 'தெலெஃபோன் ஸதன்' என்று தொலைபேசியை 'அடிக்கிறார்கள்'.

உங்களைக் குழப்பிய 'உண்ணுதல்' தமிழருக்கு அந்நியமானதே அல்ல. கட்டுண்டான், தாக்குண்டான், வெட்டுண்ட மரம் என்று நாம் எழுதும்போது 'உண்' என்ற வினை சாப்பாட்டைக் குறிக்காமல், ஒன்றுக்கு ஆட்படுவதைக் குறிக்கிறது. பாரசீகத்தின் 'கொர்தன்' செய்வதும் ஏறத்தாழ இதுவே. 'ஷெகஸ்த் தாதன்', அதாவது தோல்வி கொடுத்தல், தோற்கடிப்பதாகும். 'ஷெகஸ்த் கொர்தன்', அதாவது தோல்வி உண்ணுதல், தோற்பதாகும். 'ஃபரீப்' என்ற சொல்லுடன் இதே வினைகளைச் சேர்த்தால் ஏமாற்றுவதும் ஏமாறுவதும் கிடைக்கும். தடிமன் பிடிப்பதைக்கூட அவர்கள் 'சர்மா கொர்தன்', குளிர் உண்ணுதல், என்கிறார்கள். ஆங்கில வழிப் பாடநூல்கள் இவற்றை விதிவிலக்குகள்போலக் காட்டுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

ஒன்றில் கவனம் வேண்டும்: கூட்டுவினையின் இரு பகுதிகளும் எப்போதும் ஒட்டியே நிற்பதில்லை. 'கார் நெமீகொனம்' (வேலை செய்வதில்லை) என்பதில் எதிர்மறை நடுவில் புகுகிறது. 'கார் காஹம் கர்த்' (வேலை செய்வேன்) என்பதில் எதிர்காலத் துணைவினையும் அங்கேதான் நுழைகிறது.

சொல் ஒழுங்கில் உங்கள் எண்ணம் பாதி சரி. 'கெதாப் கரீதம்' என்றால் புத்தகம் வாங்கினேன். 'கெதாப் ரா கரீதம்' என்றால் குறித்த அந்தப் புத்தகத்தை வாங்கினேன். வினை இறுதியில் வருவது மட்டுமன்றி, 'ரா' நமது இரண்டாம் வேற்றுமை உருபைப்போலவே வேலை செய்வதையும் பாருங்கள். ஆனால் நமது 'கு' உருபுக்கு ஈடான 'பெ' பெயருக்கு முன்னால் வருகிறது. 'என் புத்தகம்' என்பது 'கெதாபெ மன்' என்று தலைகீழாகிறது. எல்லாவற்றிலும் தமிழ்ப் பழக்கம் அதிகம் தடுக்குவது 'என்று' வரும் இடத்தில்தான். 'அவன் வந்தான் என்று எனக்குத் தெரியும்' என்பதை 'மீதானம் கெ ஊ ஆமத்' என்பார்கள். 'தெரியும்' முதலில் வந்துவிட, வந்த செய்தி 'கெ' என்ற இணைப்புக்குப் பின்னரே வருகிறது.

எனவே பெயரையும் வினையையும் தனித்தனியே மனனம் செய்யாமல், அவை வேண்டும் முன்னுருபோடு ('பெ' போலப் பெயருக்கு முன்னால் வரும் சொல்லோடு) சேர்த்தே குறிப்பேட்டில் எழுதுங்கள். 'கூஷ் தாதன்' என்பது காதுகொடுத்தல். நாம் 'வானொலியைக் கேட்கிறேன்' என்னுமிடத்தில் அவர்கள் 'பெ ராதியோ கூஷ் மீதஹம்', வானொலிக்குக் காதுகொடுக்கிறேன், என்பதால் அங்கே 'ரா' வராது, 'பெ' தான் வரும்.