பழைய மர ஜன்னல் சில்லை (ஜன்னலின் அடியில் இருக்கும் பலகையை) எடுக்காமல், அதன் மேலேயே பிளாஸ்டிக் சில் ஒட்டலாமா?

ஒட்டலாம், மரம் காய்ந்து கெட்டியாக இருந்தால். நிறையப் பேர் மரம் உளுத்துப்போனதை மறைக்கத்தான் இதைச் செய்கிறார்கள். அங்கேதான் வேலை கெடுகிறது. பிளாஸ்டிக் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே சிக்கிய ஈரம் மரத்தைத் தின்றுகொண்டே இருக்கும், மேலே பளபளப்பாகத் தெரியும்.

முதலில் ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் சில்லின் முன்விளிம்பு, இரண்டு ஓரங்கள், சட்டத்தோடு சேரும் இடம் எல்லாவற்றையும் குத்திப் பாருங்கள். 2-3 மி.மீ.க்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்து வேறு மரம் வைக்க வேண்டும். ஈரமானி இருந்தால் 20 சதவீதத்துக்கு மேல் காட்டும் மரத்தை மூடவே கூடாது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை நிறுத்தி, காயவிட்டு, பிறகு தொடங்குங்கள்.

இதற்கென்றே 9-10 மி.மீ. தடிமனில், முன்விளிம்பு மூக்குபோல் கீழே மடிந்த பிளாஸ்டிக் பலகை கிடைக்கிறது. வாங்கும் முன் இரண்டு அளவு எடுக்க வேண்டும். ஒன்று, மர மூக்கின் உயரம்: பலகையின் மூக்கு அதைவிடக் குட்டையாக இருந்தால் அடியில் பழைய மரம் எட்டிப் பார்க்கும். மற்றொன்று, உள்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால் அதன் அடிக்கும் சில்லுக்கும் உள்ள இடைவெளி. பலகையும் பசையும் சேர்ந்து 12 மி.மீ. ஏறும், பொருத்திய பிறகு கதவு உரசினால் வழியே இல்லை.

சுவர் நேராக இருக்காது என்பதை மறக்க வேண்டாம். அட்டையை இரண்டு துண்டாக வெட்டி, இடது ஓரத்துக்கு ஒன்று, வலது ஓரத்துக்கு ஒன்று பொருத்தி, நடுவில் டேப்பால் இணைத்தால் சரியான வடிவம் கிடைக்கும். சில்லின் இரு ஓரத்திலும் சுவர் மேல் நீண்டிருக்கும் துண்டுகளையும் (காதுகள்) அதிலேயே வரைந்துகொள்ளுங்கள். பலகையின் மேலுள்ள பாதுகாப்பு ஃபிலிமை உரிக்காமல், பொடிப்பல் ரம்பத்தால் வெட்டுங்கள்.

அடுத்தது விரிவு. இந்தப் பலகையின் பிளாஸ்டிக்கான பிவிசி, மீட்டருக்கு ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.7 மி.மீ. நீளும். 2 மீட்டர் பலகை 30 டிகிரி மாற்றத்தில் ஏறக்குறைய 4 மி.மீ. நகரும். இரண்டு பக்கமும் சுவரில் இறுக்கி வெட்டினால் வெயிலில் நடுவில் மேலே வளையும். ஒவ்வொரு ஓரத்திலும் 3 மி.மீ. விடுங்கள், சிலிக்கான் அதை மூடிவிடும். அடர்நிறப் பலகை அதிகம் சூடாகும், இன்னும் கொஞ்சம் தாராளமாக விடலாம்.

பெயிண்ட் மேல் ஒட்டினால் பெயிண்டின் பிடிப்புதான் உங்கள் பிடிப்பு. உரிகிற பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, தூசியைத் துடையுங்கள். மேடு இருந்தால் இழைப்புளியால் சீவி, பள்ளம் இருந்தால் மெல்லிய மரச்சக்கை வைத்து, ரசமட்டம் பாருங்கள். பசைக்கு எம்எஸ் பாலிமர் வகை நல்லது, காய்ந்தபின்னும் நெகிழும். நுரைத்து எழும் பாலியூரித்தேன் பசை பலகையையே தூக்கிவிடும். 300 மி.லி. டியூப், 6 மி.மீ. கோடாகப் போட்டால் சுமார் 10 மீட்டர் வரும், 1.5 மீட்டர் சில்லுக்கு மூன்று கோடு போதும், ஒரு டியூபில் இரண்டு ஜன்னல் முடியும். ஒட்டிய பின் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக வைத்து 24 மணி நேரம் அழுத்துங்கள். மேலே ஆணி, ஸ்க்ரூ வேண்டாம். விரியும் வழியை அதுவும் அடைக்கும்.

பலகையின் வெட்டு முனைகளை மறைக்கும் ஓர மூடிகளை சூப்பர் க்ளூவால் ஒட்டி, சட்டத்தோடு சேரும் இடத்திலும் சுவர் ஓரத்திலும் நியூட்ரல் சிலிக்கான் இழுங்கள். புளிப்பு வாடை அடிக்கும் வகை பிவிசியில் சரியாகப் பிடிப்பதில்லை. ஃபிலிமை அன்றே உரித்துவிடுங்கள், வெயிலில் வெந்தால் பிறகு வராது.

வெளிப்பக்க சில்லாக இருந்தால் பசையைச் சில்லின் நீளவாக்கில் போடாமல் சட்டத்திலிருந்து வெளிநோக்கிக் கோடுகளாகப் போடுங்கள்; உள்ளே புகுந்த நீர் வழிந்து வர வேண்டும். முன்விளிம்பின் அடியை சிலிக்கானால் அடைக்காதீர்கள், சட்டத்தின் வடிகால் துளைகளையும் மூடிவிடாதீர்கள்.