வீல் நட் கழலாமல் மழுங்கினால்: எந்த ஸ்பேனர் வாங்குவது?

காரோடு வந்த எல் ஸ்பேனர் மேல் ஏறி மிதித்தும் நட் அசையவில்லை, ஒன்று மழுங்க ஆரம்பித்துவிட்டது என்கிறீர்கள். மிதிப்பதை உடனே நிறுத்துங்கள். மிதிக்கும்போது ஸ்பேனர் சாய்ந்து நட்டின் மூலையைத் தின்றுவிடும்.

அரை இன்ச் டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனை) உள்ள 60 செ.மீ. பிரேக்கர் பார், அதாவது இறுகிய நட்டைத் தளர்த்தும் நீளக் கைப்பிடி ஒன்றும், நட்டின் மேல் பொருந்தும் ஆறு முனை சாக்கெட்டும் வாங்குங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் வேண்டாம், சீக்கிரம் வழுக்கும். அளவு பெரும்பாலும் 17, 19 அல்லது 21 மி.மீ.; ஆட்டமில்லாமல் உட்காருவதே சரியானது. 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசைக்கு (டார்க்) 25 செ.மீ. பிடியில் சுமார் 40 கிலோ அழுத்தம் வேண்டும், 60 செ.மீ. பிடியில் 17 கிலோ போதும்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே ஹேண்ட் பிரேக் போட்டு, நட்டுகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஜாக்கி அதன் பிறகுதான். மழுங்கியதற்கு, உள்ளே சுருள் வெட்டுள்ள எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றிக் கழற்றுங்கள். அந்த நட்டை மீண்டும் போடாதீர்கள்.

மாட்டும்போது முதல் சில சுற்றுகள் கையால்தான். மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். அதே டார்க்கில் போல்ட் கூடுதலாக இழுபட்டு நீளும். சக்கரத்தை இறக்கியதும் டார்க் ரெஞ்சால் (குறித்து வைத்த டார்க் வந்ததும் 'கிளிக்' என ஒலிக்கும் ஸ்பேனர்) எதிரெதிராக முறுக்குங்கள். பல கார்களுக்கு 90 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை. உங்கள் காரின் கையேட்டில் உள்ள எண்தான் முடிவு. ஒரு 'கிளிக்' கேட்டதும் நிறுத்துங்கள். கழற்றுவதற்கு டார்க் ரெஞ்சைத் தொடவே கூடாது, அளவு பிசகிவிடும். 50–100 கி.மீ. ஓடியபின் மறுபடி சரிபாருங்கள்.