யூஜின் கியூரியும் எங்கள் பெரியப்பாவும்

அன்புள்ள ஐயா,

காட்பாடியில் தங்கி நுண்ணுயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தோல் கழிவால் கெட்டுப்போன பாலாற்றங்கரைக் கிணறுகளில், குரோமியத்தின் நச்சைக் குறைக்கும் பாக்டீரியாக்களைத் தேடுவதுதான் தலைப்பு. மகனுக்குப் பத்து மாதம். "குழந்தை வளர்ந்த பிறகு வாம்மா" என்கிறார் கைடு. மாமியாருக்கு மூட்டுவலி. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற மாமனாரும் அவரும் ஆரணியில் இருக்கிறார்கள். மேரி கியூரியால் முடிந்தது என்னால் ஏன் முடியவில்லை என்று இரவில் அழுகிறேன். நல்ல அம்மாவாகவும் விஞ்ஞானியாகவும் ஒருசேர இருக்க முடியுமா?

வாசகி, காட்பாடி

அன்புள்ள தங்கைக்கு,

கைடு சொன்னதை விடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளில் பெண் ஆய்வாளருக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு இருக்கிறது. ஆய்வை முடிக்கக் கூடுதலாக 2 ஆண்டும் உண்டு. எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். நல்ல அம்மா என்று சான்றிதழ் தர எனக்குத் தகுதியில்லை, வேறு யாருக்கும் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது மேரி கியூரி என்ற இடத்தில். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கண்ட்ரோல் வைக்காமல் ஒரு சோதனையாவது செய்வீர்களா? உங்களை அவரோடு ஒப்பிடும்போது மட்டும் அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள் என்று பார்க்க மாட்டீர்களா? 1897 செப்டம்பரில் மூத்த மகள் ஐரீன் பிறந்தாள். சில வாரங்களில் மாமியார் புற்றுநோயில் இறந்துபோனார். மருத்துவரான மாமனார் யூஜின் கியூரி மகன் வீட்டுக்கே வந்து, பேத்தியை வளர்க்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். பொலோனியமும் ரேடியமும் அடுத்த ஆண்டே கண்டுபிடிக்கப்பட்டன. 1906-இல் மேரியின் கணவர் பியேர் விபத்தில் இறந்த பிறகும், 1910-இல் தான் சாகும் வரை, அந்தக் கிழவர் மருமகளோடும் பேத்திகளோடும்தான் இருந்தார். இதை விட்டுவிட்டுத் தனியாளாகச் சாதித்த தாய் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். அதை நம்பி நீங்கள் இரவில் அழுகிறீர்கள்.

எங்கள் பெரியம்மா மகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். பாலாற்று மாசு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்த காலம் அது, 1996-இல் தீர்ப்பு வந்ததே, அதற்குக் கொஞ்சம் முன்னால். அக்கா வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் கிணறு கிணறாகத் தண்ணீர் எடுத்து வேதியியலில் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். கைக்குழந்தை வேறு. ஓய்வு பெற்ற தலைமையாசிரியரான பெரியப்பா குடியாத்தத்திலிருந்து காலை ரயிலில் காட்பாடி வந்து, பஸ் பிடித்து சத்துவாச்சாரியில் அக்கா வீட்டுக்குப் போவார். தூளி ஆட்டுவார், கேழ்வரகுக் கூழ் காய்ச்சுவார், ஈரத்துணி அலசுவார். "வாத்தியாருக்கு இந்த வயசுல ஆயா வேலையா?" என்று தெருவே கேட்டது. "ஆமாம், இப்பதான் கத்துக்கறேன்" என்பார். மாலையில் அக்கா வந்த பிறகுதான் திரும்புவார்.

ஆய்வேட்டின் நன்றியுரையில் அக்கா முதலில் எழுதியது அவர் பெயரைத்தான். கைடு வரிசையை மாற்றச் சொன்னார். அவள் மாற்றவில்லை.

அம்மா, உங்கள் கடிதத்தில் மாமியாரின் மூட்டுவலி வருகிறது. மாமனாருக்கு என்ன உடம்பு என்று ஒரு வார்த்தை இல்லை. அவரைக் கேட்கலாம் என்றே அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை, உங்களுக்கும்தான். ஆரணியிலிருந்து வேலூருக்குப் பஸ்ஸுக்கா பஞ்சம்? நீங்கள் போய்த் தயங்கி நிற்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கணவர் போய் அவர் அப்பாவிடம் கேட்கட்டும்.