அந்த ஒரு பாயிண்ட்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம்ம கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியின் பழைய ரசிகர்கள் எப்போதும் தொண்ணூறுகளையே பேசுகிறார்களே, ஏன்?

பதில்: பேசாமல் என்ன செய்வார்கள்! 1994, 1995, 1997 என்று மூன்று தேசியப் பட்டம் (கடைசியது மிச்சிகனோடு பங்கு). பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் 25 சீசனில் 255 வெற்றி. ஆனால் எனக்குப் பிடித்தது ஒரு தோல்விதான்: 1984-ல் ஆரஞ்சு பௌல் என்ற சீசன் முடிவு ஆட்டத்தில் மயாமி 31, நெப்ராஸ்கா 30, இன்னும் 48 விநாடி. டச்டவுன் போட்ட அணி அடுத்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஒரு பாயிண்ட் எடுக்கலாம், அல்லது கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் இரண்டு எடுக்கலாம். நெப்ராஸ்கா அப்போதுதான் டச்டவுன் போட்டிருந்தது; உதைத்து டிரா செய்திருந்தால் பட்டம் அநேகமாகக் கையில், ஆஸ்போர்னோ ஜெயித்தே தீருவது என்று இரண்டு பாயிண்டுக்குப் போனார், எதிரணி விரல் பட்டுப் பந்து தரையில் விழுந்தது. அப்புறம் 1997 அணியின் குவாட்டர்பேக் (தாக்குதலை நடத்தி, பந்தை வீசுகிறவர்) ஸ்காட் ஃப்ராஸ்ட் 2018-ல் பயிற்சியாளராகத் திரும்பினார், ரசிகர்களுக்குத் தலைகால் புரியவில்லை. 2022-ல் சீசன் நடுவிலேயே அனுப்பிவிட்டார்கள்.