இலையைத் திருப்பிப் பாருங்கள், அப்புறம் மருந்து வாங்கலாம்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டுக்குள் வளர்க்கும் ஃபைகஸ், அதாவது அரச மர, ஆல மர இனத்துச் செடிகளைப் பற்றியவை. அரசங்கன்று மொட்டை மாடி விரிசலில் யாரையும் கேட்காமல் வளர்கிறது. அதே இனத்துச் செடியைக் காசு கொடுத்து வாங்கி ஹாலில் வைத்தால்தான் இத்தனை பிரச்சினை.

கேள்வி: ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு ஃபிடில் லீஃப் செடி வாங்கினேன். வந்த நாலாம் நாள் பார்த்தால் இலைக் காம்பு இடுக்கெல்லாம் பஞ்சு போல வெள்ளையாக இருக்கிறது. விற்றவரிடம் கேட்டால், 'உயிருள்ள செடிக்கு ரிட்டர்ன் கிடையாது' என்கிறார். (வேளச்சேரி வாசகி)

அது மாவுப்பூச்சி. நாலு நாளில் அவ்வளவு பெருகாது, அவர்கள் வீட்டிலிருந்தே கூட்டி வந்திருக்கிறீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. பெட்டியைப் பிரித்தபோது எடுத்த படம் இருந்தால் தேதியோடு எடுத்து வையுங்கள், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். அங்கே 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணமே கிடையாது.

அதுவரை அந்தச் செடியை மற்ற செடிகளை விட்டுத் தள்ளி வையுங்கள். மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட்டில் காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து ஒவ்வொரு வெள்ளைத் திட்டாகத் தொட்டுத் துடையுங்கள். அதன் உடம்பில் மெழுகுப் பூச்சு இருப்பதால் வெறும் தண்ணீர் உருண்டு ஓடிவிடும், ஸ்பிரிட் உள்ளே இறங்கும். அப்புறம் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு திரவ சோப்பும் கலந்து, முதலில் ஒரே ஒரு இலையில் அடித்து ஒரு நாள் பாருங்கள். இலை கருகாவிட்டால் மாலையில் செடி முழுக்க, இலையின் அடிப்பக்கமும் சேர்த்து அடியுங்கள். வாரம் ஒரு முறை, நாலு வாரம். முட்டையெல்லாம் ஒரே நாளில் பொரிக்காது, அதனால் ஒரு தடவை அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. தொட்டியின் விளிம்பு, அடி ஓட்டை இரண்டையும் பாருங்கள். எறும்பு வரிசை தெரிந்தால் அதையும் ஒழிக்க வேண்டும். மாவுப்பூச்சி விடும் இனிப்புத் தண்ணீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும்.

கேள்வி: ரப்பர் செடி இலையில் ஒரே சீராக, பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். நகரவில்லை, பெருகவுமில்லை. என்ன மருந்து வாங்கலாம்? (ஈரோடு)

ஒன்றும் வாங்காதீர்கள். அது செடியே சேர்த்து வைக்கும் சுண்ணாம்புச் சத்து.

கேள்வி: பெஞ்சமினா செடியில் மெல்லிய வலை கட்டியிருந்தது. நர்சரிக்காரர் ஒரு பாட்டிலில் 'பவர்ஃபுல் மருந்து' ஊற்றித் தந்தார். பெட்ரூமில் வைத்தே அடித்தோம். பையனுக்கு இருமல், செடியும் இலையெல்லாம் கொட்டிவிட்டது. இன்னொரு தடவை அடிக்கலாமா? (கோவை)

அடிக்கவே கூடாது. முதலில் பையனை டாக்டரிடம் காட்டுங்கள், பாட்டிலையும் கொண்டு போங்கள். ஆனால் அதைப் பார்த்து டாக்டருக்கு என்ன தெரியும்? லேபிளே இல்லையே! இதைத்தான் வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறேன். பழைய கூல்டிரிங்க் பாட்டிலில் பால் மாதிரி ஏதோ ஒன்றை ஊற்றி, மூடியில் ஓட்டை போட்டு, 'ஒரு மூடி போதும் சார்' என்று கொடுப்பார்கள், நாமும் வாங்கி வந்து சமையலறை ஷெல்ஃபில் வைப்போம். 1968-ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டம் இருக்கிறது. புட்டியில் மருந்தின் பெயர், பதிவு எண், காலாவதி தேதி, விஷம் ஏறினால் என்ன முறிவு, எல்லாம் இருக்க வேண்டும். விஷத்தின் அளவைக் காட்டும் வண்ண முக்கோணமும் இருக்கும்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறைந்துகொண்டே வரும். வயலுக்கான சிவப்பு முக்கோணச் சரக்கை ஜன்னல் சாத்திய ஏசி அறையில் அடித்திருந்தீர்கள் என்றால்? லேபிள் கேட்க வெட்கப்படுகிறவர் தக்காளிக்குப் பத்து ரூபாய் பேரம் பேச வெட்கப்படுவதில்லை.

இத்தனைக்கும் உங்களிடம் இருந்தது சிலந்திப்பேன். அது பூச்சியே இல்லை, எட்டுக் கால் சிலந்தி வகை, பல பூச்சிமருந்துக்கு அசையாது. வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள், மிளகாய்த்தூள் போல விழுந்து ஊர்ந்தால் அதுதான். வறண்ட ஏசிக் காற்றும் தூசியும் அதற்குக் கொண்டாட்டம். குளியலறையில் வைத்து இலையின் அடியில் தண்ணீர் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மூன்று நாளுக்கு ஒரு முறை செய்யுங்கள், கூடவே மேலே சொன்ன வேப்பெண்ணெய்க் கலவை. இலை கொட்டியதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பெஞ்சமினா இடம் மாற்றினாலே கோபித்துக்கொண்டு உதிர்க்கும். கிளையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் துளிர்க்கும்.

கேள்வி: செடிக்குக் கீழே தரை பிசுபிசுவென்று ஒட்டுகிறது. தண்டில் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன மேடுகள். பளபளப்பு ஸ்பிரே அடித்தால் சரியாகுமா? (திருச்சி)

ஆகாது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், 450 ரூபாய்க்கு நானே ஒன்று வாங்கினேன். செதில் பூச்சிக்கும் சேர்த்து மினுமினுப்பு வந்தது, அவ்வளவுதான். அந்த மேட்டை நகத்தால் நெம்புங்கள். கழன்று வந்தால் செதில் பூச்சி, வராவிட்டால் அது தண்டின் தழும்பு. பழைய டூத் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுத்த பிறகு வேப்பெண்ணெய். அதுவும் விளக்கு எண்ணெயாக இருக்கக் கூடாது. நான் வாங்கிய புட்டியின் பின்பக்கத்தில் எறும்பு சைஸ் எழுத்தில் 'விளக்கேற்ற மட்டும்' என்று இருந்தது. அடித்து முடித்த பிறகுதான் கண்ணாடி போட்டுப் படித்தேன்.

கேள்வி: ஃபைகஸ் போன்சாயில் புது இலைகள் பர்ஸ் மாதிரி மடிந்து கிடக்கின்றன. (மதுரை)

பிரித்துப் பாருங்கள், உள்ளே கருப்பாகப் பொடிப் பூச்சிகள் இருக்கும். இலைப்பேன். மடிப்புக்குள் ஸ்பிரே போகாது. மடிந்த இலைகளைக் கிள்ளி, பையில் போட்டுக் கட்டி, குப்பையில் எறியுங்கள்.

கேள்வி: தொட்டியைச் சுற்றிக் குட்டிக் கருப்பு ஈக்கள். தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், 900 ரூபாய்க்குக் கொசு விளக்கும் வாங்கிவிட்டேன். (தாம்பரம்)

தினமும் ஏன் ஊற்றுகிறீர்கள்? ஈர மண்ணில்தான் அந்த ஈ பெருகும். விரலை விட்டுப் பாருங்கள், மேல் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். விளக்கைக் கொசுவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிளையை வெட்டிய இடத்தில் வெள்ளையாக வடிகிறது. இது எந்தப் பூச்சி? (சேலம்)

ஆலமரத்தை ஒடித்தால் வடிகிற அதே பால். கையில் பட்டால் அரிக்கும், துணியால் துடைத்துவிடுங்கள்.